பாட்டில் கழுத்தில் ஒரு சீட்டு

ஏப்ரல் 6

அன்புள்ள குட்டி,

இங்கே நான் சௌக்கியம். முழங்கால் வலி மட்டும் சாமான்களோடு சேர்ந்து குடிவந்துவிட்டது. உன் இடுப்பு எப்படி இருக்கிறது? நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் குனிந்து பார்க்கிற பல் டாக்டருக்கு இடுப்பு வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும்! சர்வேயர் மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

வேலை பிடித்துவிட்டது. ஹோட்டலுக்கு எந்த ஒயினை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று முடிவு செய்வது நான்தான். காலை பத்து மணிக்கு மேஜையில் முப்பது கிளாஸ் வரிசையாக நிற்கும். முகர்ந்து, வாயில் வைத்துக் கொப்பளித்து, துப்பிவிட வேண்டும். லிஃப்ட்காரர் போன வாரம், "ஏம்மா, உங்களுக்குக் குடிக்கிறதுக்கா சம்பளம்?" என்றார். "இல்லப்பா, துப்புறதுக்கு" என்றேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தாலே ஒரு மாதிரி விலகி நிற்கிறார்.

விவாகரத்துக்குக் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. அந்த ரேடியோவை அணைக்க எனக்குப் பதினோரு வருஷம் பிடித்தது. வீட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும். சோபா, புத்தக அலமாரி, மாடித் தொட்டிச் செடிகள் எதுவும் எனக்கு வேண்டாம். நம் கோடை மேஜை மட்டும் போதும். மே முதல் செப்டம்பர் வரை, மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம், உன் வீட்டுப் பின் தோட்டத்து மரத்தடியில் நீ, மாப்பிள்ளை, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அவர் மனைவி பியானோ டீச்சர். பத்து வருஷம் முன்னால் நான் ஆரம்பித்து வைத்தது. ஊரில் எனக்கென்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

இந்தக் கோடையில் என்னால் வர முடியாது. ஹோட்டலில் ஞாயிறுதான் கூட்டம், செப்டம்பர் கடைசி வரை லீவு என்று வாயைத் திறக்கவே முடியாது. ஆனால் மாதம் ஒரு பெட்டி அனுப்புகிறேன். ஒவ்வொரு பாட்டில் கழுத்திலும் ஒரு சீட்டுக் கட்டியிருப்பேன். எதை எப்போது திறக்க வேண்டும், எதோடு குடிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். படித்துவிட்டுத் திற. யார் எங்கே உட்கார்ந்தார்கள், என்ன சாப்பிட்டீர்கள், எந்த பாட்டில் முதலில் காலியானது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுத வேண்டும். நீ எழுதினால் நானும் அங்கே உட்கார்ந்த மாதிரி.

அன்புடன்
அக்கா


மே 15

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம். இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை வழக்கம்போல ஊருக்கு மட்டும்தான் வைத்தியமா?

பெட்டி பத்திரமாக வந்தது. ஒரு விரிசல் இல்லை. ஞாயிறு நல்ல வெயில். இவர் ரசமட்டத்தை வைத்து மேஜையைச் சமன் செய்ய அரை மணி நேரம். காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்து, எடுத்து, மறுபடி மடித்து. "ஒயின் சாஞ்சா தெரியும்" என்று பியானோ டீச்சர் சொன்னார், கேட்கவில்லை.

வெள்ளை ஒயினை வாளியில் ஐஸ் போட்டுக் குளிர வைத்தோம். எலுமிச்சை பிழிந்த மீனோடு அதுதான் முதலில் காலி. பிறகு நெருப்பில் சுட்ட ஆட்டுக்கறி. உப்பே போடாமல் சுட்டு, இறக்கிய பிறகுதான் உப்பு. தட்டைப் போட்டு மூடிப் பத்து நிமிஷம் யாரையும் தொட விடவில்லை. அந்தக் கறிக்கும் உன் சிவப்பு ஒயினுக்கும் அப்படி ஒரு பொருத்தம், கண்ணாடிக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். தக்காளி, ரொட்டி, சீஸ், கடைசியில் பீச் பழம். வயிறு வலிக்கச் சிரித்தோம். பியானோ டீச்சருக்கு ஒயின் மூக்கில் ஏறிவிட்டது.

மூன்று நாளாக என் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் "பல்லுல இது என்ன கறை" என்று கேட்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உன் குட்டி


மே 20

குட்டிக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், கறி அவ்வளவு நன்றாக வெந்திருக்கிறதே.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மாப்பிள்ளைக்கு அடுப்பு பற்றவைக்கவே தெரியாது. கண்ணாடிக் கடைக்காரர் கறியைக் கருக்காமல் இறக்கியதாகச் சரித்திரமே இல்லை. உனக்குப் பத்து நிமிஷம் தட்டை மூடிவைக்கும் பொறுமை பிறக்கும்போதே கிடையாது. இறக்கிய பிறகு உப்புப் போட்டு, மூடிவைத்து, பக்கத்தில் காவலுக்கு நிற்கிற ஆள் உலகத்திலேயே ஒருவர்தான் எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் அந்தக் கறியைத் தின்றவள் நான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயே, வெட்கமாக இல்லை? "போடாமல்", "விடவில்லை" என்று எழுதுகிறாய். யார் போடவில்லை? யார் விடவில்லை? பெயர் சொல்லக்கூட வாய் வரவில்லை, அப்படித்தானே?

நான் இங்கே பாட்டில் பாட்டிலாக வைக்கோல் சுற்றி, சீட்டு எழுதி, நூல் கட்டி அனுப்புகிறேன். அதை எடுத்து அவருக்கு ஊற்றுகிறாய். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தாற்போல!

நேராகப் பதில் எழுது.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்கா,

உன் உடம்பை முதலில் பார்த்துக்கொள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கும் என்று உன் கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆமாம். அத்தான் வந்தார். இவர்தான் கூப்பிட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உனக்கு எழுதாதது தப்புதான், எழுதினால் நீ இப்படித்தான் குதிப்பாய் என்று பயம்.

கோபப்படாமல் யோசித்துப் பார். விவாகரத்து வாங்கியது நீ, நாங்கள் இல்லையே. பத்து வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதரைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியுமா? அவர் என்ன, அடித்தாரா, உதைத்தாரா, இன்னொருத்தியைத் தேடிப் போனாரா? கண்ணாடிக் கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவங்க ரெண்டு பேருக்கும் சண்டைன்னா நாம எதுக்கும்மா பட்டினி கிடக்கணும்?" அத்தான் இல்லாமல் கறி யார் சுடுவது? பேச்சை யார் கலகலப்பாக்குவது?

நீ ஊரைவிட்டே போய்விட்டாய். அவர் இங்கேதான் இருக்கிறார், தினமும் காலை ஏழு மணிச் செய்தியில் அவர் குரலைக் கேட்டுத்தான் ஊரே பல் தேய்க்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் குட்டி


ஜூன் 17

குட்டிக்கு,

ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. ஹோட்டல் டாக்டர் பார்த்துச் சொன்னார்.

"அடித்தாரா, உதைத்தாரா" என்று ஊரார் கேட்கலாம். நீ கேட்கலாமா? நான் ஏன் கிளம்பினேன் என்று உன் ஒருத்திக்குத்தான் சொன்னேன். உன் கிளினிக் நாற்காலியில், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு. நீ பஞ்சை எடுத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லுக்கா" என்றாய். மறந்திருந்தால் இப்போது மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன்.

எங்கே போனாலும் என்னை நடித்துக் காட்டுவார். நான் கிளாஸுக்குள் மூக்கை விடுகிற விதம், புருவத்தைத் தூக்குவது, "ம்ஹூம், இது இன்னும் தூங்குது" என்று சொல்வது. ரேடியோவில் ஆயிரம் குரல் பேசிப் பழகிய வாய், என் குரல் எம்மாத்திரம்? எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் சிடுமூஞ்சி என்று பெயர். அப்படிப் பதினோரு வருஷம் சிரித்தேன். போன வருஷம் ஒரு நாள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். சன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டேன். என் குரலிலேயே, "சன்னலைச் சாத்தட்டுமா" என்று திருப்பிச் சொன்னார். சிரிக்க அங்கே ஆளே இல்லை. இருந்தும் சொன்னார். அன்றைக்குத்தான் பெட்டியை எடுத்தேன்.

சரி. அவர் வரட்டும், தின்னட்டும், குடிக்கட்டும். உங்கள் சிநேகத்தை நான் கெடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மேஜையில் அவர் என் குரலில் பேசக் கூடாது. அதற்கு நீ பொறுப்பு. இதைக்கூடச் செய்ய முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடு.

இந்த மாதப் பெட்டியை அனுப்பிவிட்டேன். அவருக்காக இல்லை, உனக்காக. ரோஜா நிற ஒயின் பாட்டிலை நன்றாகக் குளிர வைத்துத் திற.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். இங்கே வெயில் பிய்த்து எடுக்கிறது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிறது. உனக்கு அங்கே காற்றாவது வருகிறதா?

ஜூன் கடைசி ஞாயிறு கூடினோம். ரோஜா நிற ஒயினைப் பார்த்ததுமே பியானோ டீச்சர், "இதைக் குடிக்கிறதா, தலையில வச்சுக்கிறதா" என்றார். நிழலுக்காக இவர் மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் துணி கட்டினார். கயிறு அவிழ்ந்து துணி முழுவதும் சாலட் மேல். குளவி ஒன்று வந்து பீச் பழத்தட்டில் உட்கார்ந்துகொண்டு யாருக்கும் விடவில்லை. கண்ணாடிக் கடைக்காரருக்குக் கடைவாய்ப் பல்லில் சொத்தை, குளிர்ந்த ஒயின் பட்டதும் துள்ளினார். சாப்பாட்டு மேஜையிலேயே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன், எல்லோரும் திட்டினார்கள். கோழியும் சுட்ட கத்தரிக்காயும் நன்றாக இருந்தன. ஒரு பாட்டில்கூட மிச்சமில்லை.

நீ கேட்டது நினைவில் இருக்கிறது.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். ஹோட்டல் ஏசியில் உட்காராதே.

உன் குட்டி


ஜூலை 29

நான் நலம். நீ நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

வியாழக்கிழமை எங்கள் ஹோட்டலில் லென்ஸ் கண்காட்சி. மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைகிறேன், நம் கண்ணாடிக் கடைக்காரர்! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஓடிப்போய் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் இருந்ததிலேயே நல்ல பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன். அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இதுல சீட்டைக் காணோம்?" என்றார்.

"எதுக்குங்க சீட்டு? பக்கத்துல நானே இருக்கேனே."

அந்த மனிதர் கழுத்தை நீட்டிப் புருவத்தைத் தூக்கி, மூக்கால் பேசுகிறார்: "இந்தப் பாட்டிலுக்குக் கொஞ்சம் வெட்கம். திறந்து அரை மணி நேரம் தனியாக விடவும். அதுவரை யாரும் உரக்கப் பேச வேண்டாம்!" சொல்லிவிட்டு ஒரே சிரிப்பு. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் எழுதிய சீட்டு, குட்டி. மே மாதப் பெட்டியில் மூன்றாவது பாட்டில்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "ஒவ்வொரு தடவையும் அதுதாங்க எங்களுக்கு முதல் அயிட்டம். ரேடியோ சார் எந்திரிச்சு நின்னு உங்க குரல்லயே படிப்பாரு. படிச்சு முடிச்சாத்தான் பாட்டிலைத் திறப்போம். நீங்களே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்!" நல்ல மனிதர், விகல்பமே இல்லாமல் சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நிறுத்தினார்.

சீட்டை யார் எடுத்து அவர் கையில் கொடுப்பது என்று கேட்டேன்.

"உங்க தங்கச்சிதான்" என்றார்.

ஜூனில் நான் கேட்டுக்கொண்டதற்குப் பிறகும் கொடுத்தாயா? கொடுத்துவிட்டு, வந்து உட்கார்ந்து, "நீ கேட்டது நினைவில் இருக்கிறது" என்று எனக்குக் கடிதம் எழுதினாயா? பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கை உனக்கு. எந்த வாயால் சிரித்தாய்?

அக்கா


ஆகஸ்ட் 14

பதினாறு நாளாகப் பதில் இல்லை.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். "டாக்டர் பிஸியா இருக்காங்க" என்கிறாள் உன் நர்ஸ். பின்னால் உன் குரல் கேட்கிறது. இருக்கிற ஆத்திரத்தில் ரயிலேறி வந்து உன் நோயாளிகள் முன்னால் கேட்டிருப்பேன், லீவு இல்லை.

திட்டுவதாக இருந்தாலும் எழுது. ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருக்காதே.


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில். எழுது எழுது என்றாய், எழுதுகிறேன். வாங்கிக்கொள்.

ஆமாம், சீட்டை நான்தான் கொடுத்தேன். ஆமாம், சிரித்தேன். ஜூனிலும் சிரித்தேன். ஏன் என்று கேட்டாயா? கேட்க மாட்டாய். உனக்குத் தீர்ப்புச் சொல்லத்தான் தெரியும்.

நீ இருந்தபோது அந்த மேஜை எப்படி இருந்தது தெரியுமா? பரீட்சைக் கூடம். கிளாஸைத் தண்டில் பிடிக்காமல் வயிற்றில் பிடித்தேன் என்று எல்லோருக்கும் நடுவில் என் கையிலிருந்து பிடுங்கினாய். "சாராயக் கடையா இது?" என்று கேட்டாய். பியானோ டீச்சர் ஆசையாக ஒரு பாட்டில் வாங்கி வந்தார், ஒரு வாய் குடித்துவிட்டுப் புல்லில் ஊற்றினாய். அவர் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதார், உனக்குத் தெரியாது. இவர் இன்றைக்கும் எதையாவது குடிப்பதற்கு முன்னால், "இது நல்லா இருக்குன்னு சொல்லலாமா?" என்று என் முகத்தைப் பார்க்கிறார். பத்து வருஷமாக எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியாது, அக்கா. நீ தலையாட்டினால் பிடிக்கும், உதட்டைப் பிதுக்கினால் பிடிக்காது.

இந்த மே மாதம்தான் முதல் தடவையாக அந்த மேஜையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். ஒயின் இவ்வளவு சந்தோஷமான சமாச்சாரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தான் உன் சீட்டைப் படித்தபோது, "யாரும் உரக்கப் பேச வேண்டாம்" என்றபோது, பத்து வருஷமாக உள்ளே அடக்கிவைத்தது சிரிப்பாக வந்தது. தப்புத்தான். நீ எனக்குச் சொன்னதும் தெரியும், நீ கேட்டுக்கொண்டதும் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். நிறுத்த முடியவில்லை. நீ மட்டும் அடிபட்டவள் என்று நினைத்துக்கொண்டிருக்காதே.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

தங்கை


ஆகஸ்ட் 27

குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. இந்த வருஷம் நீ எழுதியதிலேயே உண்மையான கடிதம் அதுதான். அதற்காகவே இன்னும் கொஞ்சம் கோபம் வருகிறது.

பியானோ டீச்சரின் பாட்டில் கெட்டுப்போயிருந்தது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம். நீங்கள் யாரும் குடித்துவிடக் கூடாதே என்றுதான் கொட்டினேன். ஆனால் அதை அவரிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மற்றதெல்லாம் நீ சொல்கிறபடிதான் நடந்திருக்கும். பரீட்சை வைத்தவள் என்று என்னை நேரில் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு சரியாகியிருப்பேன். நீங்கள் யாரும் திட்டவில்லை. அவர் வாய் வழியாகச் சிரித்தீர்கள்.

நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்று உனக்கு எழுதியதில்லை. காலையில் முப்பது கிளாஸ் துப்பிவிட்டு மூன்று மணிக்கு அறைக்கு வந்து தனியாகச் சாப்பிடுகிறேன். பேச்சு மறந்துவிடுமோ என்று சில நாள் வாய்விட்டுப் பேசிக்கொள்கிறேன். இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி உள்ளே வைத்த நாளும் உண்டு. போதும், பரிதாபத்துக்காக எழுதவில்லை.

உங்களைச் சிரிக்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஒருத்தியாவது எனக்காகக் கோபப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த மேஜையைச் சுற்றி அத்தனை பேரில் ஒரே ஒரு ஆள். அது நீயாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இனிமேல் பெட்டி வராது.

அக்கா


செப்டம்பர் 16

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும் என்று உண்மையாகவே எழுதுகிறேன். நான் அவ்வளவு நலமில்லை.

நேற்று இந்தக் கோடையின் கடைசி மேஜை. கடையில் கிடைத்த பாட்டிலை வாங்கி வைத்தோம். காற்று கொஞ்சம் குளிர ஆரம்பித்திருந்தது. கறி இறங்கியது, அத்தான் தட்டைப் போட்டு மூடினார், எல்லோரும் பசியோடு உட்கார்ந்தோம். கண்ணாடிக் கடைக்காரர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, "சீட்டு இல்லாம எப்படிங்க திறக்கிறது?" என்றார். உன்னைப் பார்த்துவிட்டு வந்த பிறகும் புத்தி வரவில்லை பார்.

அத்தான் எழுந்தார். "சீட்டு எதுக்கு? நேரலையாவே தர்றேன்" என்றார். இரண்டு தட்டை எடுத்து எதிரெதிரே வைத்தார். ஒன்றில் பாட்டிலை நிறுத்தினார். எதிரில் உட்கார்ந்து, உன்னை மாதிரியே தோளைக் குறுக்கிக்கொண்டு, உன் குரலில் அந்தப் பாட்டிலைக் கேட்டார்: "சாப்பாடு எப்படி இருக்கு? உப்பு சரியா?" பதிலுக்குக் காத்திருந்தார். பிறகு ஒரு தட்டைத் திருப்பி எடுத்து வைத்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். உன்னிடம் இனிப் பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. அந்தத் தட்டைப் பார்த்ததும் போய்விட்டது. உன் கடிதத்தை நான் இவரிடம் படித்துக் காட்டியிருந்தேன், அக்கா. மனசு தாங்காமல் காட்டினேன். இவர் அதை அவரிடம் சொல்லியிருக்கிறார். இவரும் உட்கார்ந்து சிரிக்கிறார்.

"அத்தான், போதும். நிறுத்துங்க" என்றேன்.

"அட, சும்மா விளையாட்டும்மா!" இதையும் உன் குரலிலேயே சொன்னார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது. "என் அக்கா தனியா உக்காந்து சாப்பிடுறா. அது உங்களுக்கு விளையாட்டா? பதினோரு வருஷம் அவளை வச்சு விளையாடினீங்களே, பத்தலையா? அவ குரலை அவகிட்ட குடுத்துட்டு உங்க குரல்ல ஒரு வார்த்தை பேசுங்க பார்ப்போம்! முடியாதுன்னா எந்திரிச்சுப் போங்க. என் வீட்ல சாப்பிட வேண்டாம்!" என்று கத்தினேன். கை பட்டுக் கிளாஸ் உடைந்தது. மேஜைத் துணி முழுக்க ஒயின்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரேடியோவில் இருபது வருஷம் பேசுகிற மனிதருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

இவர், "என்னடி, வந்தவரைச் சாப்பாட்டுல கை வைக்கிறப்பவா விரட்டுவாங்க?" என்றார். "கடிதத்தை வெளியில சொன்னவங்க பேசக் கூடாது" என்றேன். கண்ணாடிக் கடைக்காரர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். பியானோ டீச்சர் தான் கொண்டுவந்த சாலட் கிண்ணத்தைக் கழுவக்கூடச் செய்யாமல் எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, "நாங்களும் தப்புத்தான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். கறியை யாரும் தொடவில்லை.

இவர் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அடுத்த கோடையில் அந்த மரத்தடியில் யாராவது உட்காருவார்களா என்றே தெரியாது. நீ ஆரம்பித்த மேஜையை நான் கவிழ்த்துவிட்டேன்.

ஒருத்தியாவது கோபப்பட்டிருக்க வேண்டும் என்றாய். பட்டுவிட்டேன். ரொம்பத் தாமதம், தெரியும். காலையில் ஒரு நோயாளிக்குக்கூட ஊசி போடத் துணியவில்லை.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் குட்டி


செப்டம்பர் 22

குட்டி,

நான் சுகம். நீ முதலில் கண்ணாடித் துண்டு கையில் ஏறியிருக்கிறதா என்று பார். பல் டாக்டர் கையில் வெட்டு இருந்தால் எவன் வாயைத் திறப்பான்?

நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே, சொல்ல மாட்டேன். "நிறுத்துங்க" என்ற அந்த ஒரு வார்த்தைக்காகப் பத்து வருஷம் அதே மேஜையில் சிரித்தபடி காத்துக்கொண்டிருந்தவள் நான். ஒவ்வொரு தடவையும் உன் பக்கம்தான் முதலில் பார்ப்பேன். நீ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாய். நான் இல்லாத இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஹோட்டல் நிலவறையில் பாட்டில் அடுக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன், அதுவும் கோபத்தில்தான். கணக்கெடுக்க வந்தவர்கள் விளக்கைப் போட்டுவிட்டு, மறுபடி அணைத்துவிட்டுப் போனார்கள்.

என் கடிதத்தை மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டியதை மறக்க மாட்டேன். இன்னும் கொஞ்ச நாள் அதைச் சொல்லிக் குத்திக்கொண்டே இருப்பேன், பொறுத்துக்கொள்.

மேஜை கவிழ்ந்ததற்கு ஒப்பாரி வைக்காதே. பியானோ டீச்சருக்கு அன்றைய பாட்டில் விஷயமாகத் தனியாக ஒரு கடிதம் எழுதிவிட்டேன். ஐந்து வருஷம் தாமதம். நீ மட்டும்தான் தாமதமாகக் கோபப்படுகிறவள் என்று பெருமைப்படாதே.

சீசன் முடிந்துவிட்டது. அக்டோபரிலிருந்து எனக்கு ஞாயிறு லீவு. முதல் ஞாயிறு காலை ரயிலில் நீ இங்கே வருகிறாய். இது அழைப்பு இல்லை, தண்டனை. என் எதிரில் உட்கார்ந்து, நான் சமைக்கிறதைச் சாப்பிட்டு, உனக்குப் பிடித்த ஒயின் எது என்று நீயாகச் சொல்ல வேண்டும். நான் உதட்டைப் பிதுக்கினால் அந்த இடத்திலேயே திட்டு. திருப்பித் திட்டுவேன், சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கிறது. இடுப்பு வலி, நோயாளி, நர்ஸ் என்று சாக்குச் சொன்னால் நான் அங்கே வந்து நிற்பேன்.

மாப்பிள்ளையைக் கூட்டி வராதே. என் அறையில் இரண்டு நாற்காலிதான் இருக்கிறது.

அக்கா